ஆயத்தம் உண்டா? ஒக்லாந்துத் தமிழ் அமைப்புகள் தம்மைத் தாமே அளந்து பார்க்க வேண்டிய வேளை

நியூசிலாந்தில் சங்கம், கழகம், மன்றம் எனப் பெயர் தாங்கி இயங்கும் அமைப்புகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது 1908 ஆம் ஆண்டின் கூட்டிணைக்கப்பட்ட சங்கங்கள் சட்டம். அதன் இடத்துக்குப் புதிய சட்டம் ஒன்று 2022 ஏப்ரலில் நிறைவேறியது. பழைய சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருந்த சங்கங்கள் மீள்பதிவு செய்துகொள்ள 2023 ஒக்டோபர் 5 முதல் 2026 ஏப்ரல் 5 வரை அச்சட்டம் காலம் வகுத்தது. அதற்குள் மீள்பதிவு செய்யாத சங்கம் சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போகும் என்பதே விதி. துடுப்பாட்டக் கழகம் முதல் மாதர் மன்றம் வரை நாட்டிலுள்ள பல்லாயிரம் சங்கங்களுக்குப் பொதுவான இவ்விதி, ஒக்லாந்தில் அவ்வாறு பதிவாகியிருந்த தமிழ் அமைப்புகளுக்கும் பொருந்தியது.

இதனைப் பல அமைப்புகள் ஒரு படிவம் நிரப்பும் வேலையாகவே கண்டன. மாதிரி யாப்பு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, சங்கத்தின் பெயரை மாற்றி, பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தி ஏற்றுக்கொண்டு பதிவாளருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் அது. ஆனால் சட்டம் கேட்பவை வெறும் தாள்கள் அல்ல. குறைந்தது பத்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் உறுப்புரிமைக்குச் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பதவியேற்போர் எழுத்தில் இசைவு தர வேண்டும். பிணக்குகளைத் தீர்க்கும் முறை யாப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தன்னலமும் பொதுநலமும் மோதும் இடங்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். ஆண்டுதோறும் கணக்கறிக்கை பதிவாளரிடம் சேர வேண்டும். நிறைவேற்ற முடியாத பொறுப்பைச் சங்கத்தின் பெயரால் ஏற்பதிலிருந்து விலகி நிற்பது பதவி வகிப்போரின் சட்டக் கடமை ஆகிறது.

இவை அனைத்தையும் கூர்ந்து நோக்கினால் உள்ளே ஒளிந்திருப்பது ஒரே கேள்வி: இந்த அமைப்பு எதற்காக இருக்கிறது, எவ்வாறு இயங்குகிறது, யார் எதற்குப் பொறுப்பு என்பதை அமைப்பே அறியுமா? பெரும் நிறுவனங்களின் உலகில் இக்கேள்விக்கு விடை தேடும் துறைக்கு 'பிசினஸ் ஆர்க்கிடெக்சர்' என்று பெயர். தமிழில் அதனை நிறுவனச் செயற்கட்டமைப்பு எனலாம். ஒக்லாந்தின் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் அரசுத் திணைக்களங்களிலும் இதனையே தொழிலாகக் கொண்டோர் உள்ளனர். அங்கே பயிலும் பாடம் தமிழ்ச் சமூகத்தின் சொந்த அமைப்புகளுக்குள் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது சிந்திக்க வேண்டிய ஒன்று.

கட்டடம் எழுப்புமுன் வரைபடம் போடுவது போன்றதே இத்துறை. 1987 இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் சக்மன் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு நிறுவனத்தின் தகவல் அமைப்பையும் கட்டடக் கலைஞர் வரைவதுபோல் பல கோணங்களில் வரைய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. 1995 இல் 'டோகாஃப்' எனும் முறைநூலின் முதற் பதிப்பு வந்தது. பின்னர் செயற்கட்டமைப்புக்கெனவே தனித் தொழிற் கழகமும் தோன்றியது. இம்முறைகள் நான்கு பொருள்களை முதன்மையாக வரையச் சொல்கின்றன. முதலாவது, அமைப்பிடம் இருக்க வேண்டிய ஆற்றல்கள். இரண்டாவது, பயனாளிக்கு ஒரு பயன் போய்ச் சேரும் வரையான படிகள். மூன்றாவது, அதற்குத் தேவையான தகவல்கள். நான்காவது, பொறுப்பேற்கும் ஆட்களும் குழுக்களும்.

கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினும் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். பிள்ளையைச் சேர்த்தல், வகுப்பு நிர்ணயித்தல், ஆசிரியரைத் தேடுதல், மண்டபத்தை ஒழுங்கு செய்தல், பாடநூல் தருவித்தல், தேர்வு வைத்தல், சான்றிதழ் வழங்குதல், பெற்றோரோடு தொடர்பு பேணுதல் ஆகியவை அப்பாடசாலைக்கு வேண்டிய ஆற்றல்கள். ஐந்து வயதில் வரும் பிள்ளை பதினைந்து வயதில் தமிழில் எழுதவும் பேசவும் வல்லதாக வெளியேறுவது அது தரும் பயன். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எந்தப் படியில் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்பது அது அறிந்திருக்க வேண்டிய தகவல். அறிந்து திருத்துபவர் யார் என்பது பொறுப்பு. இந்நான்கும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தால் அப்பாடசாலைக்குச் செயற்கட்டமைப்பு உண்டு. ஓர் அதிபரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் பிறிஸ்பனுக்கோ சிட்னிக்கோ இடம்பெயரும் நாளில் அதுவும் அவருடன் விமானம் ஏறிவிடும்.

எனினும் வரைபடம் போடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. இப்பணிக்கு அமைப்பு ஆயத்தமாக உள்ளதா? ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது ஊரறிந்த பழமொழி. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதும் தற்செயல் அல்ல. செயலில் இறங்குமுன் தன் வலிமையையும் காலத்தையும் களத்தையும் அளந்து கொள்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று.

டோகாஃப் முறைநூலும் இதற்கெனத் தனிப் பகுதி ஒன்றை வைத்திருக்கிறது. கனடிய அரசு தன் திணைக்களங்களின் மாற்றத்துக்காக வகுத்த முறையைத் தழுவியது அது. எங்கே போகிறோம் என்பதில் தெளிவு, போக வேண்டும் என்ற உறுதி, போக வேண்டிய தேவை, நிதி, முன்னின்று நடத்தும் தலைமை, முடிவெடுக்கும் முறை, பொறுப்புக்கூறல், நடைமுறைக்கு ஏற்ற வழி, ஆட்களின் திறன், மாறிய நிலையைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் வலு எனப் பல காரணிகளை அது எடுத்துரைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவைகள் உண்டு: இது எவ்வளவு அவசரம், இப்போது என்ன நிலையில் உள்ளது, சீர்செய்வது எவ்வளவு கடினம். இம்முறையின் சிறப்பு அது வெட்கப்படாமல் உண்மை பேசக் கற்றுத் தருவது. 'இன்னும் ஆயத்தமில்லை' என்ற விடையும் அங்கே மதிப்புள்ள விடையே.

ஆயத்தம் பாராமல் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு நியூசிலாந்தே பாடம் தந்திருக்கிறது. நாட்டின் பொலிஸ் சேவைக்கென 1990களில் தொடங்கப்பட்ட 'இன்சிஸ்' எனும் மாபெரும் கணினித் திட்டம் 1999 இல் கைவிடப்பட்டது. அதன் பின்னரும் படிப்பினை முழுமையாக உள்வாங்கப்படவில்லை. 2012 ஓகஸ்ட் மாதம் பாடசாலைச் சம்பளங்களுக்கான 'நோவோபே' முறை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 2,450 பாடசாலைகளில் ஏறத்தாழ 110,000 பேருக்குச் சம்பளம் வழங்க வேண்டிய முறை அது. சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் சம்பளம் போனது. சிலருக்குப் போகவே இல்லை. பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய பாடசாலை அலுவலர்கள் இரவிரவாகக் கணக்குத் திருத்தினர். 2013 இல் வெளிவந்த அமைச்சு மட்ட விசாரணை அறிக்கை, கணினியை மட்டும் குறை கூறி நின்றுவிடவில்லை. பாடசாலைச் சம்பளத்தின் சிக்கல்கள் முழுமையாக வரையறுக்கப்படாமை, தலைமையின் பலவீனம், குறைகள் உள்ளன என்று தெரிந்தும் தொடங்க எடுத்த முடிவு ஆகியவற்றை அது சுட்டிக்காட்டியது. முறை வந்தபோது அமைப்பு ஆயத்தமாக இல்லை என்பதே அதன் சாரம்.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் ஒக்லாந்திலேயே உண்டு. 2010 நவம்பர் 1 ஆம் நாள் இப்பெருநகரின் ஏழு உள்ளூராட்சி மன்றங்களும் ஒரு பிராந்திய மன்றமும் கலைந்து ஒரே ஒக்லாந்து மாநகர சபையாக மாறின. ஒக்லாந்து, மனுக்காவ், வைட்டாகரே, நோர்த் ஷோர் எனும் நான்கு நகர சபைகளும், பப்பகுரா, ரொட்னி, பிராங்க்ளின் எனும் மூன்று மாவட்ட சபைகளும் அவற்றுள் அடங்கும். அதற்கு முன் 2007 இல் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது; 2009 மார்ச்சில் அது அறிக்கை தந்தது. அதன்பின் மாற்றத்தை நடத்துவதற்கென்றே இடைக்கால முகவரகம் ஒன்று நிறுவப்பட்டது. யார் எதற்குப் பொறுப்பு, எந்த ஊழியர் எங்கே போவார், முதல் நாள் காலையில் எந்தச் சேவை தடையின்றி நடக்க வேண்டும் என்பதை வகுப்பதே அதன் வேலை. அந்த நவம்பர் காலையில் நூலகங்கள் திறந்தன, குழாயில் நீர் வந்தது, குப்பை வண்டிகள் ஓடின.

ஆனால் அதே மாற்றத்தில் ஆறாத புண்ணும் உண்டு. நகர மக்களின் குரல் எங்கே ஒலிக்கும் என்ற கேள்விக்கு 21 உள்ளூர்ச் சபைகள் விடையாக அமைக்கப்பட்டன. அவற்றின் அதிகாரம் எவ்வளவு, மாநகர சபையின் அதிகாரம் எவ்வளவு என்ற வழக்கு அன்று தொடங்கியது. பல ஆண்டுகள் கழிந்தும் ஓயவில்லை. சேவைகளை ஒன்றாக்குவதில் காட்டிய கவனம், முடிவெடுக்கும் உரிமையைப் பகிர்வதிலும் தேவைப்பட்டது. இரண்டு தமிழ் அமைப்புகள் ஒன்றுபட வேண்டும் என்ற பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் இதனை நினைவிற் கொள்வது நன்று. மேடையில் கைகோப்பது எளிது. வங்கிக் கணக்கு எது, யாப்பு எது, விழாவின் திகதியைத் தீர்மானிப்பவர் யார் என்பவற்றை முன்கூட்டி எழுதிக்கொள்ளாத ஒற்றுமை அடுத்த பொங்கல் வரை தாங்காது.

ஒக்லாந்துத் தமிழர் ஓரிடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். 1983 க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோர், தமிழ்நாட்டிலிருந்து கல்வியும் தொழிலும் நாடி வந்தோர், மலேசியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர், 1987 ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் பீஜியிலிருந்து வந்த தென்னிந்திய வழித்தோன்றல்கள் எனப் பலர் ஒரே நகரில் வாழ்கின்றனர். இவர்களுள் பீஜியின் அனுபவம் தனித்துக் கற்கத்தக்கது. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சமூகத்தில் சாது குப்புசாமியின் முயற்சியால் 1926 இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. கிளைகள், பாடசாலைகள், கோயில்கள் என்று அது வேரூன்றியது. லம்பாசாவில் தாதியர் கல்லூரி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. நிறுவியவர் மறைந்து பல தலைமுறைகள் கடந்தும் சங்கம் நிலைத்திருப்பதற்கு அதன் கட்டமைப்பும் ஒரு காரணம்.

அதே பீஜியில் இன்னோர் உண்மையும் இருக்கிறது. அச்சமூகத்தின் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி இன்று தமிழன்று, பீஜி இந்தியே. சங்கம் பிழைத்தது, மொழி தேய்ந்தது. இதில் யாரையும் பழிப்பதற்கு இடமில்லை. கூலி வாழ்வின் கொடுமைகளும் சூழலின் நெருக்குதலும் அத்தகையவை. ஆயினும் ஒக்லாந்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இதிலிருந்து ஒரு படிப்பினை பெற வேண்டும். கட்டமைப்பு வலுவாக இருந்தால் மட்டும் நோக்கம் நிறைவேறிவிடாது. 'நம் அமைப்பு எதைக் காக்கப் பிறந்தது, அது உண்மையில் காக்கப்படுகிறதா' என்பதை அளக்கும் ஏற்பாடு கட்டமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். விழாவுக்கு வந்தோர் தொகையை எண்ணும் சங்கம், தமிழ் வகுப்பில் பாதியில் நின்றோர் தொகையையும் எண்ணுகிறதா?

அளந்து பார்க்க விரும்பும் எந்த அமைப்பும் பெருஞ் செலவின்றி ஒரு மாலைப் பொழுதில் தொடங்கலாம். செயற்குழுவும் முன்னாள் பொறுப்பாளர் சிலரும் இளையோர் சிலரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து சில கேள்விகளுக்குத் தனித்தனியே விடையெழுதினால் போதும். அமைப்பின் நோக்கத்தை இரண்டு வரியில் ஒவ்வொருவரும் எழுதட்டும். எட்டுப் பேர் எட்டு விதமாக எழுதினால் முதற் குறை அங்கே தெரியும். தலைவர் மூன்று மாதம் நோயுற்றால் எந்தப் பணி நிற்கும்? வங்கிக் கணக்கில் ஒப்பமிடுவோர், இணையத்தளத்தின் கடவுச்சொல்லை வைத்திருப்போர், மண்டபச் சாவியை வைத்திருப்போர் யார் யார்? கடந்த ஆண்டு எடுத்த முடிவுகளில் எத்தனை நிறைவேறின, நிறைவேறாதவற்றுக்கு விடை சொன்னவர் யார்? புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தால் அதனை வாரந்தோறும் பேண இரண்டு பேராவது உண்டா?

பதிவேடுகளின் நிலை இவற்றுள் மிக முக்கியமானது. உறுப்பினர் பட்டியல் ஒருவரின் மடிக்கணினியிலும் நன்கொடைக் கணக்கு இன்னொருவரின் குறிப்பேட்டிலும் பிள்ளைகளின் விபரம் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சிதறிக் கிடப்பது பல அமைப்புகளுக்குப் பழகிப்போன நிலை. 2020 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள தனியுரிமைச் சட்டம் சிறு சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. மக்களின் தனிப்பட்ட விபரங்களைச் சேகரிக்கும் அமைப்பு அவற்றுக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவரைக் கொண்டிருக்க வேண்டும். பாரதூரமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு ஏற்பட்டால் ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். பெற்றோர் நம்பித் தரும் பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது என்று தெரியாத அமைப்பு, அந்த நம்பிக்கைக்கு உரியதாக இருக்க முடியாது.

வெலிங்டனின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவின் சேகரிப்பில் தமிழெழுத்துப் பொறித்த வெண்கல மணி ஒன்று உள்ளது. மதபோதகர் வில்லியம் கொலென்சோ 1836 அளவில் வடபகுதியில் அதனைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதனைச் சமையற் பாத்திரமாகப் பயன்படுத்திக் கொண்டிருந்தனர். முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று எழுத்து சொல்கிறது. எந்தக் கப்பல், எப்போது வந்தது, வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பெயர் மட்டும் எஞ்சி வரலாறு தொலைந்த அந்த மணி, இந்நாட்டில் தமிழரின் முதல் நினைவுச் சின்னம் போல் நிற்கிறது. இன்றைய சங்கங்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின் எதை விட்டுச் செல்லும் என்பதை அது கேட்காமற் கேட்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழுவது இயல்பு. இவை தொண்டர்களால் நடத்தப்படும் அமைப்புகள். பகலில் வேலை, இரவில் சங்கம் என்று ஓடுவோரிடம் வங்கிக்குரிய முறைகளைக் கேட்பது நியாயமா? இவ்வாதத்தில் உண்மை உண்டு. தொகுதி தொகுதியாக ஆவணம் எழுதி அலுமாரியில் பூட்டுவதால் எவருக்கும் பயனில்லை. சட்டமும் சிறு சங்கங்களுக்கு எளிய கணக்குமுறையை அனுமதிக்கிறது. ஆனால் தொண்டர்களின் நேரம் அரிது என்பதே கட்டமைப்பு வேண்டும் என்பதற்கான வலுவான காரணமும் ஆகும். ஆண்டுதோறும் விழாவுக்கு மண்டபம், ஒலியமைப்பு, உணவு, அனுமதி என்று எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கும் குழு களைத்துப் போகிறது. களைத்தவர் விலகுகிறார், விலகியவரின் இடத்துக்கு வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். நான்கு பக்கக் குறிப்பு ஒன்று இச்சுழலை நிறுத்தும். ஆயத்தமில்லாத அமைப்பு முதலில் அந்த நான்கு பக்கத்தை எழுதட்டும். உறுப்பினர் பட்டியலை ஒழுங்கு செய்யட்டும். எஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பெற்றோர் தலைமுறைக்கு இதில் ஒரு மனத்தடை இருப்பதும் உண்மை. போரிலும் இடப்பெயர்விலும் எல்லாவற்றையும் இழந்து வந்து, தம் கையால் செங்கல் செங்கலாக எழுப்பிய அமைப்பை இன்னொருவர் கேள்வி கேட்பதைப் பொறுப்பது கடினம். 'உன் பொறுப்பு என்ன' என்ற வினா, 'நீ என்ன செய்தாய்' என்ற குற்றச்சாட்டாகக் காதில் விழுகிறது. அத்தலைமுறையின் உழைப்பு இல்லாமல் அளந்து பார்க்க ஓர் அமைப்பே இருந்திராது என்பதை இளையோர் மறத்தலாகாது. அதேவேளை, எழுதப்படாத அறிவு அவர்களோடு மறைந்துவிடும் என்பதை மூத்தோரும் எண்ண வேண்டும். தம் பணியை எழுதிக் கொடுப்பது பதவியை இழப்பதன்று, பணியை வாழவைப்பது.

இளையோரின் நிலையோ விசித்திரமானது. குயின் வீதியின் அலுவலகங்களில் பெரும் நிறுவனங்களின் செயல்முறைகளை வரைந்து திருத்தும் தமிழ் இளைஞரும் யுவதியும், ஞாயிற்றுக்கிழமை சங்க விழாவில் கதிரை அடுக்கவும் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கவுமே அழைக்கப்படுகின்றனர். கதிரை அடுக்குவது இழிந்த வேலையன்று. ஆனால் அவர்கள் கற்ற கல்வி அவர்களின் சமூகத்துக்கு மட்டும் பயன்படாமற் போவது பெரும் விரயம். புதிய சட்டத்தின்படி பதினாறு வயது நிறைந்தவர் சங்கத்தில் பதவி வகிக்கலாம். அக்கதவைத் திறந்து வைப்பது மூத்தோரின் கடமை. திறந்த கதவின் வழியே வந்து, விமர்சனத்தோடு நின்றுவிடாமல் ஓராண்டுக்கேனும் ஒரு பொறுப்பைச் சுமப்பது இளையோரின் கடமை.

மீள்பதிவுச் சான்றிதழ் ஒரு சங்கம் சட்டப்படி உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்லும். அது தன் நோக்கத்தை அறிந்ததா, தன் ஆற்றலை அளந்ததா, தன் பணியை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க ஆயத்தமானதா என்பதை எந்தப் பதிவாளரும் சான்றுப்படுத்த முடியாது. அதற்குரிய தேர்வை அமைப்புகள் தாமே எழுத வேண்டும்; விடைத்தாளைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து திருத்த வேண்டும். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கணக்கறிக்கைக்கும் புதிய நிர்வாகத் தெரிவுக்கும் இடையே ஒரு மணி நேரத்தை இதற்கென ஒவ்வொரு தமிழ் அமைப்பும் ஒதுக்குமாயின், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.